படிக்கட்டுக் கணக்கு: மறுகுடியமர்வு அடுக்குமாடிக் குடியிருப்பைப் பராமரிப்பது எப்படி

கோவையின் குளக்கரைகளிலிருந்தும் வாய்க்கால் ஓரங்களிலிருந்தும் மலுமிச்சம்பட்டி, கீரணத்தம், வெள்ளலூர் போன்ற இடங்களின் அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு முதலில் தொல்லை கொடுப்பது, யாருடையது என்று தெரியாத குழாய்தான். குளக்கரை வீட்டில் வாசலுக்கு முன்னால் ஓடும் சாக்கடையை அந்த வீட்டுக்காரரே தள்ளிவிடுவார். இங்கே மூன்றாம் மாடியில் கழுவிய பாத்திரத்தின் சோறு தரைத்தள வீட்டுக் குளியலறையில் பொங்குகிறது. மேலே இருப்பவருக்கு அது தெரியாது. கீழே இருப்பவருக்கு யாரிடம் கேட்பது என்று தெரியாது. சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே 500 வீட்டுக்கும் சேர்த்து ஒரே சங்கமாகப் பராமரிப்பைத் தொடங்காதீர்கள். ஒரு படிக்கட்டைச் சுற்றிய வீடுகளை ஓர் அலகாகக் கொள்ளுங்கள். அவர்களுக்குத் தண்ணீர்த் தொட்டி பொது, கழிவுக் குழாய் பொது, படிக்கட்டு விளக்கு பொது. வாடிக்கையாகப் பார்க்கும் முகங்களும் அவையே. பதிவு செய்த சங்கம் பெரிதாக இருக்கட்டும். வேலையும் கணக்கும் படிக்கட்டு வாரியாக இருக்கட்டும். கீழே வரும் கணக்குகள் எல்லாம் தரைத்தளமும் மூன்று மாடியும், தளத்துக்கு 8 வீடுமாக 32 வீடுள்ள ஒரு படிக்கட்டுக்கானவை.

முதல் வேலை: குழாய்ப் படம்

குடியிருப்பைக் கட்டிய வாரியத்தின் உதவிப் பொறியாளரிடம் பிளம்பிங் வரைபடமும் மின்சார வரைபடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கியதுதான் 2021 முதல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். பழைய பிளாக்கின் தாள்கள் பழைய பெயரில்தான் இருக்கும். அந்தப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். கையில் கிடைக்கும் படம் கட்டிய விதத்தோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். அதனால் நீங்களே சோதித்து ஒரு படம் வரைய வேண்டும்.

பிற்பகல் 2 மணிவாக்கில், புழக்கம் குறைந்த நேரத்தில் செய்யுங்கள். மேல்மாடி வீட்டுக் குளியலறையில் ஒரு வாளி தண்ணீரில் இரண்டு மூடி சொட்டு நீலம் கலந்து ஊற்றச் சொல்லுங்கள். கீழே ஒருவர் ஆய்வுத் தொட்டிகளின் (கழிவுக் குழாய்கள் தரையில் வந்து சேரும் மூடியிட்ட சிறு குழிகள்) மூடியைத் திறந்துவைத்துப் பார்க்கட்டும். எந்தத் தொட்டியில் நீலம் வருகிறதோ அதுதான் அந்தக் குழாயின் வாய். கழிப்பறைக் குழாய்க்கும் சமையலறைக் குழாய்க்கும் தனித்தனியாக இதைச் செய்யுங்கள். இரண்டும் வெவ்வேறு தொட்டிக்குப் போவது சாதாரணம்.

தண்ணீர்க் குழாய்க்கு, மொட்டை மாடியில் இருக்கும் கேட் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி, எந்த வீடுகளில் வரத்து நிற்கிறது என்று எழுதுங்கள். வால்வின் பக்கத்திலேயே சுவரில் எனாமல் பெயிண்டால் எண் போடுங்கள். காகிதம் ஒட்டினால் ஒரு மழைக்குத் தாங்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வால்வையும் முழுதாக மூடித் திறங்கள். திருப்பாமல் விட்ட வால்வு உப்பு படிந்து இறுகிவிடும். குழாய் வெடித்த நாளில் திருகினால் தண்டு முறிந்துபோகும்.

படத்தோடு ஒரு தாளில் பொறுப்புப் பிரிவையும் எழுதி ஒட்டுங்கள். வீட்டுக்குள் இருக்கும் குழாய், பிளஷ், சுவிட்ச் ஆகியவை குடியிருப்பவருடையவை. பொதுத் தொட்டி, மோட்டார், நெட்டுக்குழாய் (எல்லா மாடிக் கழிவையும் கீழே இறக்கும் செங்குத்துக் குழாய்), படிக்கட்டு விளக்கு, ஆய்வுத் தொட்டி சங்கத்தினுடையவை. தூண், உத்திரம், கூரைத்தளம் போன்ற கட்டமைப்புக் குறைகளும் வளாகத்துக்கு வெளியே போகும் கழிவுநீர்ப் பாதையும் வாரியத்திடமோ உள்ளாட்சியிடமோ போக வேண்டியவை. ஒப்படைப்புக் கடிதத்தில் வேறுவிதமாக இருந்தால் அதன்படி மாற்றுங்கள். தமிழ் வாசிக்காத, தெலுங்கோ மலையாளமோ கன்னடமோ பேசும் வீடுகள் கோவையின் எந்தக் குடியிருப்பிலும் உண்டு. ஒட்டிய தாளை ஒருமுறை வீடு வீடாக வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.

தண்ணீர்

ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களின் அளவுகோல். வீட்டுக்கு 4 பேர் என்றால் 32 வீட்டுக்கு 128 பேர். நாளைக்கு 17,280 லிட்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் இடத்தில் சம்பும் மேல்நிலைத் தொட்டியும் சேர்ந்து 35,000 லிட்டராவது பிடிக்க வேண்டும். நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 1,000-ஆல் பெருக்கினால் லிட்டர். உங்கள் தொட்டி அவ்வளவு இல்லையென்றால் அதைக் கணக்கோடு எழுதி வாரியத்திடம் கொடுங்கள். ‘தண்ணி பத்தல’ என்ற மனுவைவிட, ‘17,280 லிட்டர் தேவை, 9,000 லிட்டர்தான் தேங்குகிறது’ என்ற மனுவுக்கு வலு அதிகம்.

நல்ல தண்ணியையும் உப்புத் தண்ணியையும் ஒரே தொட்டியில் கலக்காதீர்கள். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. கலந்தால் குடிக்கவும் ஆகாது, குழாயிலும் வெள்ளைப் பொருக்கு படியும். சிறுவாணி அணை கேரளத்துக்குள் இருக்கிறது; அங்கே நீர்மட்டம் இறங்கினால் இங்கே முறை நாள் தள்ளிப்போகும். அந்த வாரங்களில் உப்புத் தண்ணியை நல்ல தண்ணிச் சம்பில் விடச் சொல்லி நெருக்குவார்கள். விடாதீர்கள். நல்ல தண்ணிக்குத் தனிக்குழாய் தரைத்தளத்தில் மட்டும் இருந்தால், மேல்மாடி முதியவருக்கும் கர்ப்பிணிக்கும் யார் குடம் தூக்கித் தருவது என்பதையும் படிக்கட்டுக் கூட்டத்திலேயே பேசி முடியுங்கள். நடக்க முடியாதவருக்குத் தரைத்தள வீடு மாற்றித் தரக் கோரி வாரியத்துக்கு எழுதும்போது மருத்துவச் சான்றை இணையுங்கள்.

தொட்டியிலிருந்து வீட்டுக்கு இறங்கும் வால்வை நேரம் வைத்து மூடித் திறக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கூடுமானவரை அதை விடுங்கள். மூடியிருக்கும்போது திறந்துபார்த்த குழாயை அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். தண்ணீர் வந்ததும் வழிந்து ஓடுகிறது. எல்லா வீட்டிலும் பயம் காரணமாக டிரம் நிரம்புகிறது, டிரம்மில் கொசு நிரம்புகிறது. வெறுமையான குழாய், இணைப்பு விரிசல் வழியாக வெளியிலுள்ள அழுக்கு நீரையும் உறிஞ்சும். மோட்டார் போடும் நேரத்தை மட்டும் நிலையாக வையுங்கள். தூய்மைப் பணிக்கும் மார்க்கெட் வேலைக்கும் போகிறவர்கள் விடியுமுன் கிளம்புகிறார்கள். அதிகாலை 4 மணிக்குள் மேல்தொட்டி நிறைந்திருக்க வேண்டும்.

மேல்மாடியில் நூல்போல வருகிறது, தரைத்தளத்தில் பீறிடுகிறது என்றால் அது தொட்டியின் குறை அல்ல. மேல்மாடிக்கும் தொட்டிக்கும் இரண்டு மூன்று மீட்டர் உயரம்தான். தரைத்தளத்துக்குப் பத்து மீட்டருக்கு மேல். கீழ்த்தளக் கிளைகளின் வால்வைக் கால் சுற்று கால் சுற்றாக மூடி, ஒரு வாளி நிறைய எத்தனை வினாடி என்று எல்லாத் தளத்திலும் பாருங்கள். ஓரளவு ஒத்துவந்ததும் அந்தச் சுற்று எண்ணிக்கையைச் சுவரில் எழுதுங்கள். தொட்டி ஒருமுறை வற்றி நிறைந்தபின் சில வீடுகளுக்கு மட்டும் வரவில்லை என்றால் குழாயில் காற்று அடைத்திருக்கும். இறங்கு குழாயின் தொடக்கத்தில் முக்கால் அங்குலக் குழாய் ஒன்றைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே நிமிர்த்திவைத்தால் அந்தத் தொல்லை தீரும்.

கசிவைக் கண்டுபிடிக்க இரவு 11 மணிக்குத் தொட்டி மட்டத்தைக் குச்சியால் அளந்து, 4 மணிக்கு மோட்டார் போடுமுன் மறுபடி அளங்கள். 2 மீட்டருக்கு 2 மீட்டர் தொட்டியில் 1 சென்டிமீட்டர் இறக்கம் என்பது 40 லிட்டர். 10 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 400 லிட்டர் எங்கோ போகிறது. அடுத்த இரவு கிளை வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தால் எந்த வரிசை என்று தெரியும். பெரும்பாலும் பிளஷ் தொட்டியின் ரப்பர் வாஷர்தான். சத்தமில்லாமல் கோப்பைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

தொட்டி கழுவுவது ஆண்டுக்கு இருமுறை. இரண்டு நாள் முன்பே சொல்லி, மட்டம் இறங்க விட்டு, இறங்கு வால்வை மூடி, நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். கம்பி பிரஷ் பிளாஸ்டிக் தொட்டியையும் சிமெண்ட் பூச்சையும் கீறிவிடும். கீறலில் பாசி குடியேறும். சோப்புத்தூள் வேண்டாம். அடிக் குழாயைத் திறந்து சேற்றை வெளியேற்றியபின் 10 லிட்டர் தண்ணீரில் 8 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளியவிட்டு, தெளிவை மட்டும் சுவரிலும் தரையிலும் பூசி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு அலசி வெளியேற்றுங்கள். தொட்டி முழுக்கக் குளோரின் நீர் நிரப்பி ஊற்றிவிடும் முறையும் உண்டு. தண்ணீர் முறைவைத்து வரும் ஊரில் பூசும் முறையே போதும்.

தினசரிக் கிருமிநீக்கத்துக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர், ஒரு மணி நேரக் காத்திருப்பு. குழாய்த் தண்ணீரில் ஏற்கெனவே குளோரின் இருக்கக்கூடும் என்பதால் முதலில் சோதியுங்கள். தொட்டியிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சியிருந்தால் போதும். திறந்து வைத்த பவுடர் மூட்டை சில வாரங்களிலேயே வீரியம் இழக்கும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், மழையும் வெயிலும் படாமல் வையுங்கள்.

மூடிக் கிடந்த சம்புக்குள் ஒருவரும் உடனே இறங்கக் கூடாது. உள்ளே மூச்சுக்காற்று இல்லாமல் போயிருக்கலாம். மூடிகள் எல்லாவற்றையும் சில மணி நேரம் திறந்து, மின்விசிறியால் காற்றடித்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் நிற்க, அதன்பின்தான் இறங்க வேண்டும். உள்ளே ஆள் மயங்கினால் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பதுதான் இரண்டாவது சாவுக்குக் காரணமாகிறது. கயிற்றால் இழுங்கள், தீயணைப்புத் துறையை 101-ல் அழையுங்கள்.

மோட்டார்

3 ஹெச்.பி. மூன்று பேஸ் மோட்டார் முழுச் சுமையில் 5 ஆம்பியரை ஒட்டி இழுக்கும். சரியான எண் மோட்டாரின் தகட்டில் இருக்கும். ஸ்டார்ட்டர் பெட்டியில் அந்த எண்ணை எழுதுங்கள். ஆம்பியர் கூடினால் தாங்கி (பேரிங்) இறுகுகிறது, குறைந்தால் தண்ணீர் இல்லாமல் வெறுமனே சுற்றுகிறது அல்லது அடிவால்வு (ஃபுட் வால்வு) ஒழுகுகிறது. ஒரு பேஸ் போய் இரண்டில் ஓடினால் சுருள் கருகும். அதைத் தடுக்கும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் பழுதானால் சிலர் நேர் இணைப்புக் கொடுத்துவிடுகிறார்கள். சுருள் மறுபடி சுற்றும் செலவோடு ஒப்பிட்டால் அந்தக் கருவியின் விலை சிறிது.

கயிறு திணித்த சீல் உள்ள பம்பில் நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு ஒழுகுவது சரியான நிலை. முழுதாக நிற்கும்வரை இறுக்கினால் தண்டு சூடேறித் தேயும். மெக்கானிக்கல் சீல் பம்பில் ஒரு சொட்டுகூட வரக் கூடாது. இரண்டு மோட்டார் இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி ஓட்டுங்கள். உப்புத் தண்ணியில் மாதக்கணக்கில் நின்ற மோட்டார் வேண்டிய நாளில் சுற்றாது. தொட்டி நிறைய ஆகும் நிமிடங்களை நோட்டில் தினமும் எழுதுங்கள். 50 நிமிடத்தில் நிறைந்தது 65 ஆனால், ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த எண்தான் முதல் அறிகுறி.

பணம்

தண்ணீர் ஒழுங்கானபின் சந்தா கேளுங்கள். முன்னால் கேட்டால் வராது. இது ஓர் எடுத்துக்காட்டு: வீட்டுக்கு மாதம் 300 ரூபாய், 32 வீட்டுக்கு 9,600. பெருக்குபவரும் மோட்டார் போடுபவருமான பகுதிநேர ஆளுக்கு 3,500, மின்கட்டணத்துக்கு 2,200, மோட்டார் நிதிக்கு 1,000, கழிவுநீர் அடைப்புக்கு 800, தொட்டி கழுவ 500, ரசீது, நோட்டு, பல்பு 200, மீதி 1,400 கையிருப்பு. பத்தில் ஏழு பங்கு பணமே வந்தால் 6,720. அதில் ஆளுக்கும் மின்சாரத்துக்கும் 5,700 போக 1,020 நிற்கும். அந்த ஆயிரம் மோட்டார் நிதிக்குத்தான் போக வேண்டும், வேறு எதற்கும் அல்ல. மோட்டார் எரிந்த நாளில் வசூலுக்கு இறங்கும் படிக்கட்டில் இரண்டு வாரம் தண்ணீர் இருக்காது.

தினக்கூலிக் குடும்பத்திடம் மாதம் 5-ஆம் தேதி 300 ரூபாய் கேட்பது சரிவராது. சம்பளம் கைக்கு வரும் சனிக்கிழமை மாலை, வாரம் 75 ரூபாயாக வாங்குங்கள். கேட்கும் விதமும் முக்கியம். “அக்கா, போன மாசம் மோட்டாருக்கு இவ்வளவு ஆச்சுங்க, ரசீது இங்க பாருங்க, உங்க பங்கு 75 ரூபாய்ங்க” என்று கணக்கை முதலில் காட்டிவிட்டுக் கேட்டால் பணம் வருகிறது. வாங்கியதும் ரசீது. மாதக் கடைசியில் வரவு, செலவு, யார் பாக்கி என்பதல்ல, எத்தனை வீடு பாக்கி என்பது மட்டும் படிக்கட்டுச் சுவரில். பெயர் போட்டு அவமானப்படுத்தினால் அந்த வீடு என்றைக்கும் தராது. பாக்கிக்காகத் தண்ணீரை நிறுத்தவே கூடாது. குழந்தையும் நோயாளியும் உள்ள வீட்டில் தண்ணீரை நிறுத்துவது கொடுமை. அதோடு அந்த வீட்டுக் கழிவு அலசப்படாமல் எல்லோருடைய குழாயிலும் இறுகும்.

கைம்பெண் தனியாக இருக்கும் வீடு, படுத்த படுக்கையாக ஆள் உள்ள வீடு இவற்றுக்குப் பாதிச் சந்தா என்று தீர்மானம் எழுதிக்கொள்ளுங்கள். உள்வாடகைக்கு விட்ட வீட்டில் சந்தாவை ஒதுக்கீடு பெற்றவரிடமே கேளுங்கள். ஒதுக்கீட்டு ஆணை எண் பதிவேட்டில் இருக்கட்டும்.

சங்கத்தைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்கீழ் பதிவு செய்ய 7 பேர் போதும். உறுப்பினர் பதிவேடு, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம் மூன்றும் முதல் நாளிலிருந்தே வேண்டும். வங்கிக் கணக்கு இருவர் கையெழுத்தில். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பகலில் வீட்டில் இருந்து குழாயையும் அடைப்பையும் நேரில் பார்ப்பவர் பெரும்பாலும் அவர்தான். ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்தில், சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு ஈடாக அரசும் பங்கு தருகிறது. அதைப் பெற வசூல் வங்கி வழியாகப் போயிருக்க வேண்டும். கையில் வாங்கிக் கையில் செலவழித்த பணத்துக்கு ஈடுதொகை கேட்க வழியில்லை.

கழிவுநீர்

அடைப்பு எடுப்பது எளிது, மறுபடி வராமல் தடுப்பதுதான் வேலை. முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். வெளிவாசல் பக்கத்து ஆய்வுத் தொட்டியில் தொடங்கி வீட்டுப் பக்கமாக ஒவ்வொரு மூடியாகத் திறந்துகொண்டே வாருங்கள். காலியாக இருக்கும் தொட்டியை அடுத்து நிறைந்து நிற்கும் தொட்டி வரும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அடைப்பு. எல்லாத் தொட்டியும் காலி, வீட்டில் மட்டும் பொங்குகிறது என்றால் நெட்டுக்குழாயின் அடி வளைவில் இருக்கிறது. எல்லாமே நிறைந்திருந்தால் வளாகத்துக்கு வெளியே. அதை உங்கள் காசில் எடுக்க முயலாதீர்கள், உள்ளாட்சிக்குப் புகார் எண் வாங்குங்கள்.

காலியான தொட்டியின் பக்கத்திலிருந்து மூங்கில் பிளாச்சையோ சுருள் கம்பியையோ நிறைந்த பக்கம் நோக்கிச் செலுத்துங்கள். மறுபக்கத்திலிருந்து குத்தினால் அடைப்பு இன்னும் கெட்டியாகி உள்ளே போகும். திறந்துகொண்டதும் விலகி நிற்கவேண்டும், தேங்கியது வேகமாக வரும். உடைந்து வந்ததைக் கீழே ஓடவிடாமல் அந்தத் தொட்டியிலேயே வலை அல்லது வாளியால் எடுத்துவிடுங்கள். பிறகு மேல்மாடியிலிருந்து பத்து வாளி தண்ணீர் ஒரே நேரத்தில். அடைத்திருந்தது என்ன என்று நோட்டில் எழுதுங்கள். நாப்கின், துணி, தேங்காய் நார், ஷாம்பு பாக்கெட், பாத்திரம் தேய்த்த சாம்பலும் செங்கல் தூளும் என்று திரும்பத் திரும்ப வருவது நாலைந்து பொருள்தான். அதை வீட்டு எண் சொல்லாமல் படிக்கட்டுப் பலகையில் எழுதுங்கள்.

நாப்கினைக் கழிப்பறையில் போடாதீர்கள் என்று சொல்வதால் மட்டும் பயனில்லை. போட இடம் வேண்டும். ஒரே அறையில் ஆறேழு பேர் இருக்கும் வீட்டில் ஒரு பெண் அதை எங்கே வைப்பாள்? ஒவ்வொரு தளத்திலும் மூடியுள்ள தனிக் கூடை, பக்கத்தில் பழைய செய்தித்தாள், தினமும் எடுப்பவருக்குக் கையுறை. இதைச் செய்த படிக்கட்டில் அடைப்பு குறைகிறது. சாம்பலுக்கும் சோற்றுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் பாத்திரம் கழுவும் தொட்டியின் வாயில் நுண்துளை ஜாலி பொருத்துங்கள். எஃகு ஜாலி வாங்குங்கள்; பிளாஸ்டிக் ஜாலியை வடியவில்லை என்று பிடுங்கிவிடுவார்கள்.

ஒரே இடத்தில் மூன்று முறை அடைத்தால் பொருளில் குறையில்லை, குழாயில்தான் குறை. 4 அங்குலக் குழாய் 40 அடிக்கு ஓர் அடி, 6 அங்குலக் குழாய் 60 அடிக்கு ஓர் அடி இறக்கத்தில் போக வேண்டும். இரண்டு தொட்டிகளின் அடிமட்டத்தை நீர்மட்டக் குழாய் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். கட்டடம் அசையாமல் நிற்கும். அதைச் சுற்றி நிரப்பிய மண் சில மழைக்காலத்துக்குப்பின் இறங்கும். கட்டடத்தை விட்டு வெளியேறும் இடத்தில் குழாய் முறிவது இதனால்தான். சுவரோரம் எப்போதும் ஈரம், நாற்றம், எலி வளை மூன்றும் சேர்ந்திருந்தால் அங்கே தோண்டுங்கள்.

தரைத்தள வீட்டில் பொங்குவதற்கு நிரந்தரத் தீர்வு, அந்த வீட்டுக் கழிப்பறையை நெட்டுக்குழாயிலிருந்து பிரித்து நேராக ஆய்வுத் தொட்டிக்குத் தனிக் குழாயில் விடுவது. வாரியத்திடம் முதலில் கேட்க வேண்டிய மாற்றம் இதுதான்.

மலக்குழிக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கயிறு, முகமூடி எது இருந்தாலும் இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு வாயு அளவு கூடியதும் மூக்கை மரத்துப்போகச் செய்யும். நாற்றம் இல்லை என்று நினைத்து இறங்குபவர் அங்கேயே விழுவார். மூடியருகே பீடியோ தீக்குச்சியோ கூடாது, மீத்தேன் பற்றும். 14420 என்ற எண்ணில் இயந்திர வண்டி கேட்கலாம். இந்த வேலையைத் தலைமுறையாகச் செய்யவைக்கப்பட்ட குடும்பங்கள் இதே குடியிருப்பில் வாழ்கின்றன. ‘அவர்கிட்டச் சொன்னா எறங்கி எடுத்துடுவார்’ என்று ஒருவர் பெயரை யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

கசிவும் கான்கிரீட்டும்

கூரையில் ஈரம் என்றால் மேல்வீட்டோடு சண்டைக்குப் போகுமுன் சோதனை செய்யுங்கள். மேல்வீட்டுக் குளியலறை வடிகால் வாயைத் துணியால் அடைத்து, இரண்டு விரற்கடை தண்ணீர் நிறுத்தி, சொட்டு நீலம் கலந்து ஒருநாள் வையுங்கள். கீழே நீலம் வந்தால் தரைப்பூச்சில் குறை. வராமல், தண்ணீர் பயன்படுத்தும்போது மட்டும் சொட்டினால் கழிப்பறைக் கோப்பையின் அடிவளைவோ வடிகால் இணைப்போ விட்டிருக்கிறது. புழக்கமே இல்லாமல் சொட்டிக்கொண்டிருந்தால் அழுத்தமுள்ள தண்ணீர்க் குழாய். மூன்றுக்கும் வேலையும் செலவும் வேறு. பார்க்காமல் தரையை உடைத்தால் பணம் வீண்.

கூரையிலிருந்து காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால் அதன்மேல் சிமெண்ட் பூசி மறைக்காதீர்கள். துருப்பிடித்த கம்பி பருத்து, பூசியதையும் சேர்த்துத் தள்ளும். தட்டினால் பொக்கையாய் ஒலிக்கும் பகுதி முழுவதையும் எடுத்து, துரு முடிந்து நல்ல கம்பி தெரியும்வரை போய், கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாகப் பிரைமர் பூசி, பழைய கான்கிரீட்டின் மேல் ஒட்டுப்பால் தடவி, அது காயுமுன் பாலிமர் கலந்த 1-க்கு 3 சாந்தால் (ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல்) அடைத்து, ஏழு நாள் ஈரப்படுத்த வேண்டும். கம்பி கால் பங்குக்கு மேல் தேய்ந்திருந்தாலோ, குறை உத்திரத்திலோ தூணிலோ இருந்தாலோ அது கொத்தனார் வேலை அல்ல. படமெடுத்து, தேதி போட்டு, செயற்பொறியாளருக்கு எழுதுங்கள்.

புதிய பிளாக்குகள் சிலவற்றில் செங்கல்லே கிடையாது. சுவர் முழுக்கக் கான்கிரீட், அந்தச் சுவர்தான் மாடியைத் தாங்குகிறது. அலமாரிக்கோ ஜன்னலுக்கோ அதை வெட்டினால் மேலே மூன்று வீட்டுக்கும் ஆபத்து. சுத்தியலால் தட்டி அடையாளம் காண முடியாவிட்டால் ஆணி அடித்துப் பாருங்கள். எந்தச் சுவரிலும் ஆணி வளைந்தால் அந்த வகைதான். குடிவரும் நாளிலேயே இதை ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்ல வேண்டும்.

மின்சாரம், லிஃப்ட்

சில வீட்டில் பல்பு கண்ணைக் கூசும், சில வீட்டில் மங்கும் என்றால் நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. உடனே மெயினை அணையுங்கள். சில நிமிடத்தில் டிவியும் பிரிட்ஜும் எரிந்துவிடும். மீட்டர் அறையில் விறகு, பழைய பேப்பர் மூட்டை, வண்டி எதுவும் கூடாது. மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். சுவிட்ச் விழாவிட்டால் அது உயிரைக் காக்காது.

மோட்டார் நாளைக்கு 2 மணி நேரம் ஓடினால் மாதம் ஏறத்தாழ 170 யூனிட். பதினாறு 9 வாட் பல்புகள் மாதம் முழுக்க இரவெல்லாம் எரிந்தால் 52. மொத்தம் 220-ஐத் தாண்டி 300 காட்டினால் தண்ணீர் கசிந்து மோட்டார் கூடுதலாக ஓடுகிறது, அல்லது பொது இணைப்பிலிருந்து யாரோ கம்பி இழுத்திருக்கிறார்கள். நிமிட நோட்டைப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரியும்.

லிஃப்ட் உள்ள பிளாக்கில் சங்கம் செய்ய வேண்டியது குறைவு, செய்யக் கூடாதது அதிகம். 6 பேர் லிஃப்ட் என்றால் 408 கிலோ. மூட்டையும் தண்ணீர்க் குடமும் ஏற்றும்போது அதை எண்ணுங்கள். ஆள் மாட்டிக்கொண்டால் மெயினை அணைத்து, பேச்சுக் கொடுத்து, பராமரிப்பு ஒப்பந்தக்காரரையும் தீயணைப்புத் துறையையும் அழையுங்கள். வெளிக்கதவைக் கம்பியால் நெம்பாதீர்கள். தளங்களுக்கு நடுவில் நிற்கும் லிஃப்டிலிருந்து குதித்து இறங்கும்போதுதான் குழிக்குள் விழுகிறார்கள்.

காற்று, மழை, கைமாற்று

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்குச் சுவரை அடித்துக்கொண்டே இருக்கும், சாரலும் சேர்ந்துவரும். மே மாதத்துக்குள் தொட்டி மூடிகளைக் கம்பியால் கட்டுங்கள். மொட்டை மாடியில் கிடக்கும் தகரங்களை இறக்குங்கள், மேற்கு ஜன்னல் சட்டங்களின் இடுக்கை அடையுங்கள். செப்டம்பரில், ஐப்பசி மழைக்கு முன், மொட்டை மாடி வடிகால் வாய்களைத் துப்புரவாக்கி வலைமூடி போடுங்கள். தட்டோட்டு இடுக்கில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுத்து, அந்த இடத்தைக் கலவையால் அடையுங்கள். தலையை மட்டும் கிள்ளினால் வேர் தடித்துக் கைப்பிடிச் சுவரைப் பிளக்கும். தொட்டி கழுவும் இரண்டு முறையையும் இந்த இரண்டு மாதங்களிலேயே வைத்துக்கொள்ளலாம்.

பொறுப்பாளர் மாறும் நாளில் ஒரு பெட்டியைக் கைமாற்றுங்கள். குழாய்ப் படம், வால்வுச் சுற்றுக் குறிப்பு, மோட்டார் பில்லும் உத்தரவாத அட்டையும், நிமிட நோட்டு, அடைப்பு நோட்டு, வாரியத்துக்குக் கொடுத்த மனுக்களின் ஒப்புகைச் சீட்டு, மூன்று புத்தகம், சாவிகள் அதில் இருக்க வேண்டும். படிக்கட்டில் நாலைந்து பேர் முன்னிலையில் ஒவ்வொன்றாக எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு, புதியவரை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய் எல்லா வால்வையும் அவர் கையாலேயே ஒருமுறை மூடித் திறக்கச் சொல்லுங்கள்.